ஏற்பதும் ஓர் அறமே



மருத்துவம் என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருபவர் வைத்தியர். அடுத்து வருவது மருந்து. திருவள்ளுவர் இவ்விரண்டோடு நின்றுவிடவில்லை. திருக்குறளின் 95 ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ என்பதன் இறுதிக் குறளில் அவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துள்ளார். நோயுற்றவர் ஒரு கூறு. நோயைத் தீர்ப்பவர் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. நோயாளியின் அருகிலிருந்து பணி செய்பவர் நான்காவது கூறு. வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதையும் இந்நான்கினையே மருத்துவத்தின் நான்கு கால்கள் என்று கூறுகின்றது. கட்டிலுக்கு ஒரு கால் ஒடிந்தாலும் அது நில்லாது அன்றோ?

இந்நான்கனுள் மூன்றைப் பற்றி நாம் நாள்தோறும் பேசுகின்றோம். எந்த வைத்தியர் கைராசிக்காரர், எந்த மருந்து எங்கே கிடைக்கும், நோயாளி நேற்று எத்தனை வாய் உண்டார் என்றெல்லாம் விசாரிக்கின்றோம். நோயாளியின் கட்டிலருகே இரவு முழுவதும் விழித்திருந்தவரிடம், “நீங்கள் உறங்கினீர்களா?” என்று கேட்போர் மிகச் சிலரே. ஆதலின் இன்று அந்த நான்காவது காலைப் பற்றியும், அது முறிந்துபோகாமல் காப்பதில் நோயாளிக்கே உள்ள பங்கினைப் பற்றியும் சில கருத்துகளைக் கூற விழைகின்றேன்.

நாம் வாழும் கொழும்பு நகரையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1864 ஆம் ஆண்டில் தோன்றிய பெரியாஸ்பத்திரி இங்கே இருக்கின்றது. வெள்ளவத்தை வாசிகளுக்குக் களுபோவிலை வைத்தியசாலை அணித்தே உள்ளது. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பது இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும் பேறு. ஆயினும், பாரிசவாதத்தால் உடலின் ஒரு பக்கம் செயலிழந்த ஒருவரை வைத்தியசாலை எத்தனை நாள் வைத்திருக்க இயலும்? ஆபத்து நீங்கியதும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன் பின்னர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நடைபெற வேண்டிய பணி, வீட்டிலுள்ள ஒருவருடைய தோளில் வந்து விழுகின்றது. பெரும்பாலும் அவர் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருப்பார்.

கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் ஒருவர் இருமினால் அடுத்த வீட்டாருக்குக் கேட்கும். அங்கே இடம் குறைவு. ஆனால் அழைத்தால் வருவதற்கு ஆள் உண்டு. வெள்ளவத்தையின் நிலை வேறு. 1983 ஆம் ஆண்டின் பின்னரும் அதனைத் தொடர்ந்த யுத்த காலத்திலும் எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றுவிட்டனர். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே உயர்ந்து நிற்கும் தொடர்மாடி வீடுகளில், எழுபது வயதைக் கடந்த கணவனும் மனைவியும் தனித்து வாழ்கின்றனர். மாதந்தோறும் பணம் வந்து சேர்கின்றது. நாள்தோறும் தொலைபேசியில் பேரப்பிள்ளைகளின் முகம் தெரிகின்றது. குளியலறையில் வழுக்கி விழுந்தவரைத் தூக்கிவிடுவதற்கு மட்டும் கை இல்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் மேலும் பல இளைஞர்கள் நாட்டை விட்டுச் சென்றமையால், இந்நிலை இன்று எல்லா இனத்தவர் வீடுகளிலும் காணப்படுகின்றது.

இது ஒரு சில வீடுகளின் கதையன்று. 1981 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதை எட்டியோர் 100 பேருக்கு 7 பேருக்கும் குறைவு. 2012 ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் அத்தொகை 12 பேருக்கு மேலாயிற்று. அதன் பின்னரும் அது வளர்ந்துகொண்டே வருகின்றது. குடும்பங்களோ சிறுத்து வருகின்றன. தாங்க வேண்டியோர் பெருகித் தாங்குவோர் அருகும் காலத்தில் நாம் வாழ்கின்றோம்.

ஒருவரைப் பராமரித்தல் என்பதில் அடங்கியிருப்பவை யாவை என்று சற்று எண்ணிப் பார்ப்போம். அசைய இயலாமற் படுத்திருப்பவருக்குப் படுக்கைப் புண் உண்டாகாதிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தல் வழக்கம். அப்படியாயின் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. அவற்றுள் நான்கு முறையாவது நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வரும். நீரிழிவு நோயாளிக்கு உணவு நேரமும் ஊசி நேரமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவரை, குருதிச் சுத்திகரிப்புக்காக வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மறதிநோய் கண்டவரோ ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் இருபது முறை கேட்பார். இருபதாவது முறையும் முதல் முறை போலவே முகங் கோணாது விடை கூறவேண்டும். இவற்றோடு சமையல், சலவை, கடை, வங்கி, வந்துபோகும் உறவினருக்குத் தேநீர் ஆகிய யாவும் அதே கைகளாலேயே நடைபெறுகின்றன.

இத்துணைப் பாரத்தையும் ஒருவரே சுமக்கும்படி விடுவது யார்? மற்றப் பிள்ளைகள், உறவினர், அரசாங்கம் எனப் பலரைச் சுட்டலாம். அவர்கள்மேல் குற்றம் இல்லை என்று நான் கூறவில்லை. ஆயினும் பல வீடுகளிலே, உதவிக்கு வரும் இரண்டாவது கையைத் தடுத்து நிறுத்துபவர் நோயாளியே என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். “என்னை வேறொருவர் தொடக் கூடாது.” “இவள் கையால் தந்தால்தான் உண்பேன்.” “வீட்டுக்குள்ளே அந்நியரை விடாதே.” “என் நோயைப் பற்றி அயலவருக்குச் சொல்லாதே.” இவை நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள். இவற்றைச் சொல்பவர் கொடியவர் அல்லர். நாற்பது ஆண்டுகள் அலுவலகத்திலோ கடையிலோ தலைநிமிர்ந்து உழைத்தவர், நாலு பேருக்கு உதவியவர், ஒருவரிடமும் கைநீட்டாதவர். அத்தகையவருக்குத் தம் உடைக்குப் பொத்தான் மாட்டவும் பிறர் வேண்டியிருக்கின்றது என்பது பெருந் துயரமே. அத்துயரத்தை நாம் இகழலாகாது.

இந்த மானவுணர்வுக்கு நம் கல்வியும் ஒரு காரணம் எனலாம். இரந்து பெறுதல் இழிவு என்று ஆத்திசூடியிலே நாம் சிறுபிராயத்திற் படித்தோம். ஏகாரத்தில் அவ்வாறு கூறிய அதே ஔவையார், அதற்கு நான்கு அடி முன்பாக, ஈகாரத்திலே, ஒருவர் கொடுப்பதைத் தடுக்கலாகாது என்றும் கற்பித்திருக்கின்றார். முன்னதை நெஞ்சில் இருத்திய நாம் பின்னதை மறந்துவிட்டோம். உழைக்க வல்லவன் உழையாமற் கைநீட்டுதல் இரத்தல். உடல் தளர்ந்தவர், அன்புடையோர் நீட்டும் கையைப் பற்றுதல் இரத்தல் ஆகாது. அக்கையைத் தட்டிவிடுதல், கொடுப்பவரைத் தடுக்கும் செயலாகவே முடியும்.

தட்டிவிடுவதன் விளைவு யாது? அமெரிக்காவில் 1999 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்கொட் பீச் என்னும் ஆய்வாளர் இருவர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். நோயுற்ற கணவனையோ மனைவியையோ பராமரித்து வந்த 66 முதல் 96 வயது வரையானோரை அவர்கள் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பராமரிப்பின் சுமையால் தாம் வருந்துவதாகக் கூறியோர் அக்காலத்துள் இறக்கும் அபாயம், அத்தகைய பணி இல்லாதோரைவிட 63 சதவீதம் மிகுதியாக இருந்தது. இதில் உற்று நோக்கத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. பராமரிப்பில் ஈடுபட்டிருந்தும் சுமையால் வருந்தாதோருக்கு அந்த அபாயம் மிகவில்லை. 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த வேறோர் அமெரிக்க ஆய்வு, குடும்பத்தில் ஒருவரைப் பராமரிப்போர் ஏனையோரைவிட நீண்டு வாழ்வதாகக்கூடக் கண்டது. இவற்றிலிருந்து நாம் உணரத்தக்கது யாதெனில், அன்புடன் பணிவிடை செய்தல் ஒருவரை அழிப்பதில்லை. ஓய்வும் துணையும் இன்றித் தனியே சுமத்தலே அழிக்கின்றது. “இவள் ஒருத்தியே போதும்” என்று சொல்லும் கணவர், தாம் அறியாமலே, தமக்கு முன் அவளை அனுப்பிவைக்கும் வழியைத் தேடுகின்றார்.

இன்னொரு விளைவும் உண்டு. அதனைப் பாடசாலைப் பணியில் உள்ளோர் நன்கு அறிவர். வரவுப் பதிவேட்டைப் புரட்டினால், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் பெயருக்கு நேரே திடீரென்று வராத நாட்கள் பெருகுவதைக் காணலாம். விசாரித்தால், “அப்பம்மாவைப் பார்க்க ஆள் இல்லை” என்ற விடை வரும். அவளுடைய தமையன் பாடசாலைக்கு ஒழுங்காக வந்துகொண்டிருப்பான். இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயமானது. ஆயினும் வீட்டின் கட்டாயத்துக்கு முன்னால் சட்டத்தின் கட்டாயம் தோற்றுவிடுகின்றது. கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தப் பணம் இருந்தும், மூதாட்டி அந்நியரை ஏற்க மறுத்த காரணத்தால் பேத்தியின் படிப்பு நின்றுபோன வீடுகளும் உண்டு. அந்த மூதாட்டி பேத்தியின்மேல் உயிரையே வைத்திருப்பவர். தம் மறுப்பின் விலையை யார் செலுத்துகின்றார் என்பதை அவருக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவே.

ஆகவே, நோயாளிக்கும் கடமை உண்டு. இக்கருத்து புதியதன்று. மருத்துவத்தின் நான்கு கால்களையும் கூறிய சரக சங்கிதை, ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கணங்களை வகுத்திருக்கின்றது. பணி செய்பவருக்கு வேண்டியவை பணிவிடை முறையை அறிதல், திறமை, நோயாளியிடம் அன்பு, தூய்மை என்பன. நோயாளிக்கு வேண்டியவை நினைவு, சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தம் நோயின் நிலையை உள்ளவாறு எடுத்துரைத்தல் என்பன. படுக்கையிலே கிடப்பவரையும் சிகிச்சையின் ஒரு தூணாக முன்னோர் மதித்தனர் என்பதே இதன் பொருள்.

நம் நாட்டில் பெரும்பாலோர் போற்றும் பௌத்த நூல்களிலும் இதே கருத்தைக் காணலாம். விநய பிடகத்திலுள்ள மகாவக்கத்தில் ஒரு வரலாறு வருகின்றது. வயிற்றுக் கடுப்பால் வருந்திய ஒரு பிக்கு, கவனிப்பார் இன்றித் தம் கழிவிலேயே கிடந்தார். புத்தர் பெருமான் ஆனந்தரோடு அங்கு வந்து, இருவருமாக அவரைக் கழுவித் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். ஏனைய பிக்குகள் அவரைக் கவனியாத காரணத்தைக் கேட்டபோது, அவர் பிறருக்கு ஒரு பயனும் செய்யாதவர் என்ற விடை கிடைத்தது. தாயும் தந்தையும் அருகில் இல்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவர் என்ற பொருள்படப் புத்தர் அவர்களை வினவினார். அதன் பின்னர், எளிதிற் பராமரிக்கத்தக்க நோயாளி யார் என்பதற்கு ஐந்து இலக்கணங்களையும் அவர் கூறினார். தமக்கு நன்மை தருவதைச் செய்பவர், அளவறிந்தவர், மருந்தை உட்கொள்பவர், தம் நிலையைப் பணி செய்பவரிடம் மறையாது கூறுபவர், வேதனையைப் பொறுப்பவர். பிள்ளைகள் கடல் கடந்து வாழும் இக்காலத்து வெள்ளவத்தைக்கு அந்த வினா எத்துணைப் பொருத்தமானது! நோயாளரைப் பேணும் அந்த மரபிலேதான் மிகிந்தலையில் பண்டை வைத்தியசாலை எழுந்தது. மனித உடலின் வடிவாகக் குடையப்பட்ட மருந்துத் தொட்டியை இன்றும் அங்கே காணலாம்.

ஏற்பவரும் கொடுப்பவரும் என்ற பேதமே மறைந்துபோகும் நிலை ஒன்று உண்டு. அதற்கு நம் தமிழிலக்கிய உலகில் இரட்டைப் புலவரைக் காட்டிலும் சிறந்த சான்று வேறில்லை. இளஞ்சூரியர், முதுசூரியர் எனப் பெயர் பெற்ற அவ்விருவரும் உறவினர். ஒருவருக்குக் கண் இல்லை; மற்றவருக்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் காலில்லாதவரைத் தோளிலே சுமப்பார். தோளில் இருப்பவர் வழி காட்டுவார். ஊர் ஊராகச் சென்று, ஒருவர் வெண்பாவின் முன்னடிகளைப் பாட, மற்றவர் பின்னடிகளைப் பாடி முடிப்பார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் இயற்றியவை. தோளில் அமர்ந்தவர், “நான் உனக்குப் பாரமாக இருக்கின்றேன்” என்று இறங்கியிருந்தால் இருவருமே வீதியில் நின்றிருப்பர். தமிழும் அந்நூல்களை இழந்திருக்கும்.

நாம் வாழும் காலத்திலிருந்தே மற்றொரு சான்று காட்டலாம். ஸ்டீபன் ஹோக்கிங் என்ற பௌதிக அறிஞரின் பெயரை நேயர்கள் அறிவீர்கள். 1942 இல் பிறந்த அவருக்கு, 21 ஆவது வயதில், தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் இருப்பது தெரியவந்தது. சில ஆண்டுகளே உயிர் வாழ்வார் என்று வைத்தியர் எண்ணினர். 1974 ஆம் ஆண்டு வரை அவர் தாமே உணவுண்ணவும் படுக்கையிலிருந்து எழவும் வல்லவராக இருந்தார். மனைவி ஜேன், இரு குழந்தைகளையும் வளர்த்துக்கொண்டு, வெளியுதவி இன்றியே அவரைக் கவனித்து வந்தார். அதன்பின் அது இயலாமற் போயிற்று. அவருடைய ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அவ்வீட்டிலேயே தங்கி, அவர் எழவும் படுக்கவும் உதவினார். 1980 முதல் காலையும் மாலையும் ஓரிரு மணி நேரம் தாதியர் வந்தனர். 1985 இல் கடுமையான நிமோனியாவினால் தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது, பேச்சும் போயிற்று. அன்று முதல் இரவு பகலாகத் தாதியர் உடனிருந்தனர். உலகெங்கும் புகழ்பெற்ற ‘காலத்தின் சுருக்கமான வரலாறு’ என்ற அவரது நூல் வெளிவந்தது 1988 இல், அஃதாவது பிறர் உதவி மிகுதியும் வேண்டியிருந்த காலத்திலேயாகும். அவர் 2018 இல், 76 ஆவது வயதிலே காலமானார். மனைவி ஒருவர், பின்னர் ஒரு மாணவர், பின்னர் தாதியர் எனப் பராமரிப்பு வட்டம் விரிந்தவாற்றை நோக்குக. நோய் வளரும்போது வட்டமும் வளர வேண்டும். வட்டம் வளராவிட்டால் நடுவில் நிற்பவர் நசுங்கிப் போவார்.

பிறருக்குத் தொண்டு செய்தே பழகியவர்களுக்கு உதவியை ஏற்பது இன்னும் கடினம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். 1854 இல் கிரிமியப் போரிலே காயமுற்றோருக்குப் பணி செய்யச் சென்ற அவர், அங்கேயே காய்ச்சலுக்கு ஆளானார். நாடு திரும்பிய பின்னர், 1857 முதல், பல ஆண்டுகள் கட்டிலிலும் சாய்விருக்கையிலுமே அவர் காலம் கழிந்தது. உலகத்துக்குத் தாதித் தொழிலைக் கற்பித்தவர், தாமே பிறர் பணிவிடையில் வாழ்ந்தார். ஆயினும் 1860 இல் இலண்டனில் தாதியர் பயிற்சிப் பள்ளி தோன்றியதும், சுகாதாரச் சீர்திருத்தம் பற்றிய எண்ணற்ற கடிதங்களும் அறிக்கைகளும் எழுந்ததும் அந்நோய்க் காலத்தில்தான். அவர் 90 வயது வரை வாழ்ந்து 1910 இல் மறைந்தார்.

இனி, உதவியை ஏற்கும் முறையைப் பற்றி ஒரு சில சொல்வேன்.

முதலாவது, வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுதல். நோய் விசாரிக்க வருவோர், “ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள்” என்று கூறிச் செல்வர். நாமும் “ஒன்றும் இல்லை” என்று தலையசைப்போம். அவர் கூறியதும் உபசாரம். நாம் கூறியதும் உபசாரம். மாறாக, “வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணி நேரம் இங்கே இருப்பீர்களா? இவள் கோயிலுக்குப் போய்வரட்டும்” என்று கேட்டால், வந்தவருக்கும் தாம் செய்யக்கூடியது விளங்கும். உதவ விரும்பியும் வழியறியாது நிற்போர் உலகிற் பலர்.

இரண்டாவது, உண்மையை மறையாமை. வலியிருந்தும் இல்லை என்று கூறி நள்ளிரவில் அலறுவதைவிட, மாலையிலே அதனைச் சொல்லிவிடுதல் பராமரிப்பவருக்குச் செய்யும் உதவி. அவ்வாறே “நான் உங்களுக்கெல்லாம் பாரம்” என்று அடிக்கடி கூறுதலையும் தவிர்த்தல் நன்று. அவ்வார்த்தை பணிவுபோலத் தோன்றும். ஆனால், அதைக் கேட்டவர் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு நம்மைத் தேற்ற வேண்டியவராகின்றார். உடலைச் சுமந்தவர்மேல் உள்ளத்தையும் ஏற்றிவிடுகின்றோம்.

மூன்றாவது, தம்மால் இயன்றதைத் தாமே செய்தல். உதவியை ஏற்பது என்பது முற்றாகச் சரணடைவது அன்று. ஒரு கையால் உண்ண முடிந்தால் உண்ணலாம். கீரை ஆய முடிந்தால் ஆயலாம். பேரப்பிள்ளையின் பாடத்தைக் கேட்க முடிந்தால் கேட்கலாம். பராமரிப்போரும் இதனை உணர வேண்டும். நேரம் மிச்சமாகும் என்று எல்லாவற்றையும் தாமே செய்துவிடுதல், நோயாளியின் எஞ்சிய ஆற்றலையும் பறித்துவிடும். தொடுமுன் சொல்லித் தொடுதலும், அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றி மூன்றாம் ஆளைப் போலப் பேசாதிருத்தலும் அவர்கள் காக்க வேண்டிய மரியாதைகள். மரியாதை கிடைக்குமிடத்தில் உதவியை ஏற்றல் எளிதாகின்றது.

நான்காவது, நன்றி கூறுதல். நம்மவரிடையே இதில் ஒரு கூச்சம் உண்டு. “வீட்டாருக்குமா நன்றி?” என்பார்கள். தமிழில் ‘நன்றி’ என்ற சொல்லின் பழம்பொருளை நோக்கினால் இக்கூச்சம் அகலும். நன்றி என்பது முதலில் ஒருவர் செய்த நன்மையையே குறித்தது. திருக்குறளின் 11 ஆம் அதிகாரத்துக்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர்; அஃதாவது, நமக்குச் செய்யப்பட்ட நன்மையை அறிந்திருத்தல். அறிதல்தான் முதற்படி. நேற்றிரவு எத்தனை முறை அவள் எழுந்தாள், எத்தனை நாளாக அவள் வெளியே போகவில்லை, அவளுடைய முதுகுவலிக்கு மருந்து எடுத்தாளா என்பவற்றை அறிந்தவரின் வாயிலிருந்து வரும் சொல், வெறும் உபசாரமாகாது. “நேற்று நாலு தரம் எழுந்தாய், இன்று பகலில் சற்றுப் படுத்துக்கொள்” என்ற ஒரு வாக்கியத்திலே நன்றி முழுவதும் அடங்கியிருக்கின்றது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும் இதனைக் கருத வேண்டும். தொலைபேசியிலே “அப்பாவுக்கு எப்படி?” என்று கேட்பதற்கு முன்பு, “அம்மா, நீங்கள் எப்படி?” என்று ஒரு நாளாவது கேட்கலாம்.

சம்பளத்துக்கு வந்து பணி செய்வோரைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளவத்தை வீடுகள் பலவற்றில் முதியோரைக் கவனிப்பவர்கள், தம் சொந்தப் பிள்ளைகளைத் தொலைவிலுள்ள ஊரிலோ தோட்டத்திலோ விட்டுவிட்டு வந்தவர்கள். பணம் கொடுக்கின்றோம் என்பதனால் அறிய வேண்டிய நன்றி தீர்ந்துவிடாது. அவரைப் பெயர் சொல்லி மரியாதையாக அழைத்தலும், வீட்டார் உண்பதையே அவருக்கும் அளித்தலும், உறங்குவதற்கு இடமும் நேரமும் ஒதுக்குதலும், உரிய நாளிலே சம்பளம் கொடுத்தலும், ஊருக்குச் சென்றுவர விடுமுறை தருதலும் அறத்தின் குறைந்த அளவு. களைத்த கை தவறும் என்பதால், இது நோயாளியின் பாதுகாப்புக்கும் உகந்தது.

குடும்பத்துக்கு வெளியேயும் துணை உண்டு. முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணித்தலாகாது என்று விதிக்கின்றது. தம்மைத் தாமே பேண இயலாத முதியோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரி, அதற்கென அமைந்த சபையிடம் விண்ணப்பிக்கவும் அது வழி செய்துள்ளது. முதியோருக்கான தேசிய செயலகத்தின் சேவைகளைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். மறதிநோயாளரின் குடும்பங்களுக்குக் கொழும்பிலுள்ள லங்கா அல்சைமர் அறக்கட்டளை துணை புரிகின்றது. மகரகமையிலே புற்றுநோயாளரின் இறுதிக் காலத்துக்கென ‘சாந்த செவன’ என்னும் இல்லம் உள்ளது. இவற்றை நாடுதல் குடும்பத்துக்கு இழுக்கு என்று எண்ணுவது வீண் மானம்.

ஆயினும் சட்டத்தால் பணத்தைப் பெற்றுத் தர இயலுமே அன்றி, நீட்டிய கையைப் பெற்றுத் தர இயலாது. அதற்கு அயலவர் வேண்டும். கேரளத்தில், கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து, 1993 ஆம் ஆண்டில் டாக்டர் ராஜகோபால் முதலியோர் வலி தணிக்கும் சேவை ஒன்றைத் தொடங்கினர். நோயாளர் வீடுகளிலேயே பெரும்பாலான தேவைகள் இருத்தலை உணர்ந்து, நாளடைவில் அந்த இயக்கம் ஊர்தோறும் சாதாரண மக்களுக்குப் பயிற்சி அளித்தது. வாரத்திலே சில மணி நேரம் ஒதுக்கக்கூடிய அயலவர், நோயாளர் வீடுகளுக்குச் சென்று பேசியும் கவனித்தும் வேண்டியவற்றை ஏற்பாடு செய்தும் வந்தனர். 2008 இல் கேரள அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. நம் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இயல்பாகவே உள்ள அயலுறவை, ஒரு முறைப்படி அமைத்துக்கொண்டால் இங்கும் அது இயலாத காரியமன்று. வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலோ மின்தூக்கியிலே நாள்தோறும் சந்திப்போர் ஒருவரையொருவர் பெயர் கேட்டு அறிந்துகொள்வதிலிருந்து தொடங்கலாம். கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் பழைய மாணவர் சங்கங்களும் இதற்கு முன்வருதல் நன்று.

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2023 ஆம் ஆண்டில், ஒக்டோபர் 29 ஆம் திகதியைப் பராமரிப்புக்கும் ஆதரவுக்குமான சர்வதேச தினமாகப் பிரகடனம் செய்தது. பராமரிப்போரின் உழைப்பும் உழைப்பே என்று உலகம் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் உலகம் ஏற்பதற்கு முன் வீடு ஏற்க வேண்டும்.

இப்பேச்சைக் கட்டிலிற் படுத்தவாறே கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் சிலர் இருப்பீர்கள். உங்களால் இனிச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். உங்களைத் தாங்கி நிற்பவரின் ஆயுளும், உங்கள் வீட்டுச் சிறுமியின் படிப்பும், நீங்கள் சொல்லும் ஒரு சொல்லிலே தங்கியிருக்கலாம். இரண்டாவது கை வரும்போது “வரட்டும்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல், நோயாளி ஒருவர் செய்யக்கூடிய பெரிய பணிவிடையாகும்.